குலசையிலிருந்து நேர் தெற்கே

குலசேகரன்பட்டினம் என்றால் முத்தாரம்மன் கோயில் தசரா. பக்கத்து உடன்குடி என்றால் கருப்பட்டி. இந்த வரிசையில் இப்போது ராக்கெட்டும் சேர்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் இந்தக் கடலோர ஊரில் அமையும் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை என்று கேட்டால், பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பார்கள். தப்பில்லை, ஆனால் அந்தப் பதிலில் சரக்கு குறைவு.

பூமி சுழல்வதால், இஸ்ரோவின் இப்போதைய ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவின் தரை நொடிக்குச் சுமார் 452 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. குலசையில் அது 460. லாபம் வெறும் 8 மீட்டர். 500 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றவோ நொடிக்கு 7,600 மீட்டர் வேகம் வேண்டும். போதாக்குறைக்கு, குலசைக்கென்று நினைத்திருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டுக்கு முக்கியமானது துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதை. தெற்கே போகிறவனைக் கிழக்கே தள்ளிவிட்டு என்ன பயன்?

சரியான பதிலுக்கு, முதலில் ராக்கெட்டின் வேலை என்ன என்று பார்ப்போம். உயரே ஏறுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த 500 கி.மீ. பாதையில் ஒரு கிலோ பொருளைச் சுற்றவைக்கத் தேவைப்படும் ஆற்றலில், உயரத்துக்குப் போவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே. மற்றதெல்லாம் பக்கவாட்டு வேகத்துக்கு. இரண்டையும் கூட்டினாலும் சுமார் 9.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம், அவ்வளவுதான். 500 கிலோ செயற்கைக்கோளுக்கு வேண்டியதை, தூத்துக்குடி அனல் மின் நிலையம் தன் 1,050 மெகாவாட் முழுத் திறனில் ஓடினால் 16 நொடியில் தந்துவிடும்!

அப்படியானால் எஸ்.எஸ்.எல்.வி. ஏன் 120 டன் எடை? ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது, உந்தமும் வேண்டும். வள்ளத்திலிருந்து ஒருவர் கரைக்குத் தாவினால் வள்ளம் பின்னால் நகரும். அவர் முன்னே கொண்டுபோன உந்தமும் வள்ளம் பின்னே வாங்கிய உந்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், மொத்தம் மாறாது. வெளியில் உதைத்துத் தள்ள எதுவும் இல்லாத ராக்கெட், தான் சுமந்துபோகும் எரிபொருளையே எரித்து வாயுவாகப் பின்னால் வீசித்தான் முன்னேற முடியும். கடைசியில் வீசப்போகும் எரிபொருளையும் முதலில் வீசும் எரிபொருள்தான் தூக்கிச் செல்ல வேண்டும். எடை பெருகுவது இப்படித்தான்.

இனி குலசைக்கு வருவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை இருக்கிறது. மக்கள் வாழும் நிலத்துக்கு மேலே ராக்கெட்டை விட முடியாது. அதனால் துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்கே பறந்து, பிறகு தெற்கே திரும்புகிறது. ஆற்றலை மட்டும் பார்த்தால் இந்தத் திருப்பம் இலவசம் போலத் தோன்றும். வேகம் மாறவில்லை, ஆகவே இயக்க ஆற்றலும் மாறவில்லை. ஆனால் உந்தத்துக்குத் திசையும் உண்டு. நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் போகும் ஒன்றை, வேகம் குறையாமல் 30 டிகிரி திருப்ப வேண்டுமா? நின்ற இடத்திலிருந்து நொடிக்கு 1 கி.மீ. வேகம் எட்டுவதற்கு ஆகும் அளவுக்கு உந்துதல் தர வேண்டும். 320 டன் பி.எஸ்.எல்.வி. அந்தச் செலவைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டில் அது சுமக்கும் செயற்கைக்கோளின் எடையையே தின்றுவிடும்.

குலசையில் இந்தச் சுற்றுவழி வேண்டாம். இலங்கை கிழக்கே ஒதுங்கிக் கிடக்க, தெற்கே அண்டார்க்டிகா வரை கடல்தான். எரிந்து முடிந்த ராக்கெட் பகுதிகளும் அந்தக் கடலில்தான் விழும். ஏவும் நாளில் அந்தப் பக்கம் வள்ளமோ விசைப்படகோ போகக் கூடாது. மணப்பாடு, பெரியதாழை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களுக்கு என்ன ஈடு என்பதை, முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது.