"குளுக்கோஸ் ஏத்துவீங்களா சிஸ்டர்?"

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். பேரணாம்பட்டு மலையடிவாரமானாலும் சரி, ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் இருக்கும் சந்தானாலும் சரி, செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்கள். "நாலு நாளா ஒண்ணும் உள்ள எறங்கல. ஒரு பாட்டில் ஏத்தினா தெம்பு வரும்ல?"

வராது. உடம்பு ஓய்ந்துகொண்டு வரும் நாட்களில் ஏற்றுகிற தண்ணீரை அதனால் சமாளிக்க முடியாது. கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும், மூச்சு இரைக்கும். நோய் முற்றியதால்தான் பசி போயிருக்கிறது. பட்டினி போட்டு யாரும் நோயாளியைக் கொல்லவில்லை. இதைப் புரியவைக்கவே முதல் விசிட்டில் பாதி நேரம் போய்விடும். 'மருமக சோறு போடல' என்று நாளைக்கு ஊர் பேசுமே என்ற பயம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் மருமகளிடம் தனியாகச் சொல்ல மாட்டேன். நாத்தனாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொல்வேன்.

வேலூர், ஆம்பூர் பக்கம் வீடு வீடாகப் போய், இனி குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்துவந்த நர்ஸ் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் ஊருக்குப் பழக்கமானதுதான். நூறு வருஷத்துக்கு முன்பே டாக்டர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். ஆனால் சாகப்போகிறவரின் வலியைத் தணிப்பதையே தனி ஒரு சிகிச்சையாக எடுத்துச் செய்தது பிற்காலத்தில் வந்தது. லண்டனில் நர்ஸாக இருந்து பிறகு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் 1967இல் அதற்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தார். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய இதே சேவை கேரளம் முழுக்கப் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்த வீட்டுச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நர்ஸ் வந்தால் என்ன செய்வார்? வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். புரட்டிப் போட்டு முதுகு, இடுப்பு, குதிகால் பார்ப்பார். மலம் எப்போது போனது என்று எல்லார் முன்னாலும் கூச்சமில்லாமல் கேட்பார். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுவார். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பெரியவர்கள் விழிப்பார்கள். நான் ரூபாயில் கேட்பேன். "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னா, இப்ப எத்தனை பைசா தாத்தா?" "எம்பது பைசா" என்று டக்கென்று வரும்.

எண்பது பைசா வலிக்குப் பாராசிட்டமால் போதாது. மார்ஃபின் மாத்திரை என்று டாக்டர் எழுதினால், 'போதை மருந்தா?' என்று வீட்டில் முகம் மாறும். அரசாங்கமே ரொம்ப காலம் அப்படித்தான் பயந்தது. 1985 போதைப்பொருள் சட்டத்தால் ஒரே மாத்திரைக்குப் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி கொஞ்சம் திறந்தது. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவது அபூர்வம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் அநேகமாக எல்லாருக்கும் வரும்; கூடவே எழுதித் தரும் பேதி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் என்றால் வலி வரக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தோல் பதனிடும் ஷாப்பில் ஆயுசு முழுக்க வேலை பார்த்த ஒருவர். கன்னத்தில் புற்று வெடித்துப் புண்ணாகிவிட்டது. "பச்சைத் தோல் நாத்தத்துலயே சோறு தின்னவன் சிஸ்டர் நான். என் வாய் நாத்தம் எனக்கே தாங்கல" என்றார். மனைவி தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். நான் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவிக் கட்டினேன். அடுத்த நாள் அவள் கையாலேயே செய்யவைத்தேன். கொஞ்ச நாளில் நாற்றம் அடங்கியது. அதற்கப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள்.

அவள் கையாலேயே செய்யவைத்தேன் என்றேனே, எங்கள் வேலையில் முக்கால்வாசி அதுதான். நர்ஸ் இருப்பது அரை மணி, முக்கால் மணி. மிச்ச நேரம் முழுக்க உங்களுடையது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலையை நிமிர்த்தி வைப்பது, ஈரத்துணி சுற்றிய விரலால் வாயைத் துடைப்பது எல்லாம் வீட்டு ஆள் கற்க வேண்டியவை. எங்கள் பக்கம் அந்த வீட்டு ஆள் பெரும்பாலும் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். அவள் வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டால், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன். உங்களுக்கு எந்தக் கிழமை வார லீவு என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்வார்கள், அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதென்று. நிறுத்துவோம். "அவருகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்பார்கள். நாங்களாகச் சொல்ல மாட்டோம். ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டோம். பாதிப் பேர் கேட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து வீட்டில் எல்லாரையும்விட முன்னால் தெரிந்துகொண்டவர் நோயாளிதான்.

ராத்திரி மூச்சு மாறினால் என்ன செய்வது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவையுங்கள். 108க்குப் போன் போட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், அது அவர்கள் வேலை. வீட்டிலேயே போகட்டும் என்று அவரும் நீங்களும் நினைத்தால், கடைசி நாளில் வருவது என்னென்ன என்று நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைகால் சில்லிடும். மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்க நமக்குத்தான் பயம், அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். பால் ஊற்றுகிறேன் என்று வாயில் ஊற்றாதீர்கள், உதட்டை நனைத்தால் போதும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. காரியம் முடிந்த பிறகு நர்ஸ் இன்னொரு முறை வருவார். நீங்கள் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். மீந்த மார்ஃபின் மாத்திரைகளை அவர் கேட்டால் எண்ணிக் கொடுங்கள், அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் மெத்தை இரவல் வாங்கியிருந்தால் கழுவி, வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வீட்டார் அதற்குள் இரண்டு தடவை போன் போட்டிருப்பார்கள்.