விழுந்த கெர்னலுக்குச் சாட்சி இன்னொரு கெர்னல்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கப் பல நாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘ஜோஹோ டெஸ்க்’ இங்கே உருவானதுதான். குற்றாலச் சாரல் எட்டும் ஊரில் நிரல் எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட இணையச் சேவைகள் ஓடும் சர்வர்களோ தொலைதூரத் தரவு மையங்களில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ் சர்வர்கள். நள்ளிரவில் ஒன்று முடங்கினால் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது. ரீபூட் செய்தால் சேவை திரும்பிவிடும். மெமரியில் இருந்த தடயம் அழிந்துவிடும். காரணம் தெரியாத கோளாறு இன்னொரு நாள் மறுபடி வரும்.

அந்தத் தடயத்தைக் காக்கும் ஏற்பாடுதான் ‘கேடம்ப்’. பெங்களூரு ஐபிஎம் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா போன்றோர், எரிக் பீடர்மேன் உருவாக்கிய ‘கெக்ஸெக்’ நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு இதை வளர்த்தெடுத்தார்கள். 2005-இல் வெளியான லினக்ஸ் 2.6.13 பதிப்பில் இது இடம்பெற்றது.

வன்பொருளையும் மற்ற மென்பொருள்களையும் இணைத்து நடத்துவது கெர்னல். மீள முடியாத பிழையைக் கண்டதும் அது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இதற்குக் ‘கெர்னல் பேனிக்’ என்று பெயர். அந்த நிலையில் மெமரியை டிஸ்க்கில் எழுதும் வேலையையும் அதனிடமே கொடுப்பது, கணக்கைக் குழப்பியவரிடமே தணிக்கையை ஒப்படைப்பது போன்றது. டிஸ்க் டிரைவரே பழுதாகியிருந்தால் நல்ல கோப்புகளும் நாசமாகலாம்.

அதனால்தான் கேடம்ப் முன்கூட்டியே வேலையைத் தொடங்குகிறது. கணினி இயங்கத் தொடங்கும்போதே மெமரியில் ஓர் இடம் ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைக்கிறது. பேனிக் வந்ததும் கட்டுப்பாடு நேரே அதனிடம் போகிறது. கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸ் வழியாகப் போகாததால் பழைய மெமரி கலையாமல் இருக்கும். தனி இடம் ஒதுக்குவதற்கும் வலுவான காரணம் உண்டு. கெர்னல் விழுந்த பிறகும் நெட்வொர்க் கார்டு போன்றவை, முன்பு தமக்குத் தரப்பட்ட மெமரி முகவரிகளில் தரவை எழுதிக்கொண்டே இருக்கக்கூடும். ஒதுக்கிய இடத்தில் ஓடும் கெர்னலை அது தொடாது. அங்கிருந்து பழைய மெமரி முழுவதும் ‘விஎம்கோர்’ என்ற கோப்பாகத் தெரியும். ‘மேக்டம்ப்ஃபைல்’ என்ற கருவி வேண்டாத மெமரிப் பக்கங்களை விலக்கி, மீதியைச் சுருக்கிச் சேமிக்கும்; இந்தப் பதிவுதான் ‘டம்ப்’. அதன் பிறகே ரீபூட்.

இத்தனையையும் தொலைவில் இருந்தே கட்டளை வரியில் நிர்வகிக்கலாம். ரெட் ஹேட் வகை லினக்ஸில் அதற்குரிய கட்டளை ‘கேடம்ப்சிடிஎல்’. ‘ஸ்டேட்டஸ்’ என்று சேர்த்தால் சேவை தயாரா என்று சொல்லும். ‘எஸ்டிமேட்’ என்றால் எவ்வளவு மெமரி ஒதுக்க வேண்டும் என்று கணித்துச் சொல்லும். 4 முதல் 64 ஜிபி வரை மெமரி உள்ள கணினிக்கு ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 பதிப்பு வழக்கமாக ஒதுக்குவது 256 எம்பி. இந்த அளவை மாற்றினால் ரீபூட் கட்டாயம். அமைப்புக் கோப்பைத் திருத்தினால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். உபுண்டுவில் நிலையை அறிய ‘கேடம்ப்-கான்ஃபிக் ஷோ’. எல்லாம் முடிந்ததும், சோதனைக் கணினி ஒன்றில் வேண்டுமென்றே பேனிக் வரவழைத்து, டம்ப் வந்து சேருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

டம்பின் அருமையை விண்டோஸ் உலகில் 2024 ஜூலை 19 காட்டியது. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மெமரியில் எல்லை தாண்டிப் படித்ததே காரணம் என்பதை, விழுந்த கணினிகளின் டம்புகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்ட் விளக்கியது.

டம்பில் கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் தரவும் சிக்கியிருக்கலாம்; யார் திறக்கலாம் என்பதில் கண்டிப்பு தேவை. நம் ஊர்களில் இருந்து சர்வர்களைக் கவனிக்க வரும் இளைஞர்கள், புதுக் கணினி கைக்கு வந்த அன்றே கேடம்பை அமைத்துவிட வேண்டும். விழுந்த பிறகு அமைத்தால், விழுந்ததற்கான காரணம் கிடைக்கவே கிடைக்காது.