அரிப்பு அடங்கினால் பூஞ்சை அழிந்ததா?

தொடையிடுக்கில் படர்தாமரை, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு மருந்துக்கடையில் டியூப் வாங்கித் தடவுகிறவர்கள் ஒரு பக்கம்; இயற்கை மருந்து என்று நம்பிச் சின்னக் குப்பியில் தைலம் வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இந்தக் குப்பிகளில் அதிகம் ஆராயப்பட்டது டீ ட்ரீ ஆயில். நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வளரும் வேறொரு மரத்தின் இலையைக் காய்ச்சி வடிக்கும் தைலம் இது. அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடியினர் அந்த இலையைக் கசக்கிப் புண்ணுக்குப் போட்டுவந்தார்கள். 1920களில் சிட்னி வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட் அதன் கிருமிக்கொல்லும் வலுவை அளந்து சொன்ன பிறகுதான் வணிகம் சூடுபிடித்தது.

கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சையை இந்தத் தைலம் கொல்லும், அதில் சந்தேகமில்லை. இதிலுள்ள டெர்பினென்-4-ஆல் பூஞ்சைச் செல்லின் உறையைச் சிதைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடுகிறது. ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜினாலும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. தோலில் கதை வேறு. தடவியதில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். பூஞ்சையோ கெரட்டின் அடுக்குக்குள் பதுங்கியிருக்கும்; நகச்சொத்தை என்றால் நகத்துக்கும் அடியில்.

1992இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சேற்றுப்புண் உள்ளவர்களில் சிலருக்கு 10% டீ ட்ரீ கிரீம், சிலருக்கு டால்நாஃப்டேட் என்ற மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் கிரீம். அரிப்பும் எரிச்சலும் குறைந்ததில் தைலம் மருந்துக்குச் சமமாக நின்றது. பூஞ்சை உண்மையில் ஒழிந்ததா என்று சோதித்தபோது, மருந்துக்கு 85%, தைலத்துக்கு 30%, வெறும் கிரீமுக்கு 21%. பத்து ஆண்டு கழித்து 50% அடர்வில் பூசிப் பார்த்ததில் பலன் 64% வரை உயர்ந்தது. ஆனால் சிலருக்குத் தோல் அழற்சி வந்தது.

அரிப்பு அடங்கும், பூஞ்சை இருக்கும். இந்தியாவில் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் செய்துவரும் வேலையும் இதுதான், இன்னும் மோசமாக. சிவப்பு மறைய, பூஞ்சை அடியில் பரவுகிறது. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கும் பல நேரம் மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்ற பூஞ்சை இன்று இங்கே பரவலாகிவிட்டது. அதன் முன்னால் தைலக் குப்பியை நம்பிக் காத்திருப்பது, என் கணக்கில், வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றைப் பங்கிடுவதுதான்.

பொடுகு கொஞ்சம் விதிவிலக்கு. 5% டீ ட்ரீ ஷாம்பு அதை ஓரளவு குறைப்பதாக ஆய்வு உண்டு.

தடவியே ஆகவேண்டும் என்றால் தேங்காய் எண்ணெயில் நீர்க்கச் செய்து, முதலில் முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். காற்றுப்பட்டுப் பழசான தைலம் ஒவ்வாமையைத் தூண்டும். திறந்து நாளான குப்பியைக் கொட்டிவிடலாம். விழுங்கினால் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. சர்க்கரை நோயாளிகளும், இரண்டு வாரத்தில் வட்டம் சுருங்காதவர்களும் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்; சில நிமிட வேலை. தொற்று வீட்டில் பரவாமலிருக்க, துவட்டும் துண்டு மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.