செஞ்சி டு செஞ்சி... 200 கி.மீ!

பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் இப்போ எங்கே இருக்கு?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாட்டுக்கொட்டகை ஓரமா சாஞ்சு நிக்குதா? தங்கச்சி டியூஷனுக்கு எடுத்துட்டுப் போறாளா? எங்கே இருந்தாலும் சரி, தூசி தட்டி வெளியே எடுங்க. அந்த சைக்கிள்ல ஒரே நாள்ல 200 கி.மீ. போக முடியுமான்னு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கப் போறோம். கணக்கு போட ஒரு ஊர் வேணுமே? அதுக்கு செஞ்சி!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலை 77, ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே புகுந்து போகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம், மொகலாயப் படை துரத்த, 1689-ல் ராய்கட் கோட்டையிலிருந்து தப்பி, வேஷம் மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் இது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம்! ஆக, 'லாங் ரைடு' என்பது செஞ்சிக்கு ஒண்ணும் புதுசு இல்லை. அவருக்குக் குதிரை, நமக்கு சைக்கிள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரேஸ் இல்ல பாஸ்!

நீண்ட தூர சைக்கிள் சவால்களில் உலகம் முழுக்க நடக்கும் ஒரு வகைக்கு 'பிஆர்எம்' என்று பெயர். ஆரம்பம் பிரான்ஸில். அங்கே பாரீஸில் கிளம்பி பிரெஸ்ட் நகரம் போய்விட்டுத் திரும்பும் 1,200 கி.மீ. பயணம் 1891-ல் ஒரு ரேஸாகத் தொடங்கியது. அதில் ஜெயித்த சார்ல்ஸ் தெரோன், மூன்று ராத்திரி தூங்காமல் சுமார் 71 மணி நேரத்தில் முடித்தாராம். பின்னாளில் ரேஸ் போய், 'குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் போதும்' என்ற சவால் வந்தது. இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. போனது 2023, அடுத்தது 2027.

அந்தப் பெரிய சவாலுக்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கி.மீ. என்று நாலு படி ஏறவேண்டும். நாலையும் ஒரே சீசனில் முடித்தால் 'சூப்பர் ரேண்டனர்' பட்டம். இந்தியாவில் இதை ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பும், ஊர் ஊராக இருக்கும் கிளப்புகளும் நடத்துகின்றன. சென்னை, பாண்டிச்சேரி பக்கத்து நீண்ட தூர சைக்கிள்காரர்களுக்கு செஞ்சி, திருவண்ணாமலை ரோடெல்லாம் தண்ணி பட்ட பாடு.

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி. 400-க்கு 27. 600-க்கு 40. வழியில் கன்ட்ரோல் பாயின்ட்கள் இருக்கும். அங்கே வந்து போனதற்கு அத்தாட்சி காட்டணும். ஃபர்ஸ்ட் பிரைஸ், செகண்ட் பிரைஸ் கிடையாது. பின்னாடி கார் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தண்ணி, பிஸ்கட் வாங்கிக்க முடியாது. பஞ்சர் ஆனால் நீங்களேதான் ஒட்டணும்.

இன்னொரு கூத்து கேளுங்க. ரொம்ப வேகமா போனாலும் ஆகாது! 200 கி.மீ. ரைடில் 5 மணி 53 நிமிஷத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தால் கடைசி கன்ட்ரோல் திறந்தே இருக்காது. வெளியே உட்கார்ந்து கொசு அடிக்க வேண்டியதுதான்.

பதினஞ்சு போதும்!

இப்போ கணக்கு. பதிமூன்றரை மணி நேரத்தில் சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாத்துக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிடுங்க. மீதி 12 மணி. 200-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்கு 17 கி.மீ. கூட வரலை. நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 15 கி.மீ.க்கும் குறைவு.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கிளாஸில் பாதி நேரம் தூக்கம்தான் என்றாலும், ஒரு விஷயம் மனசுல நின்னுடுச்சு. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தடுக்கும் விசை நாலு மடங்கு. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான பவர் எட்டு மடங்கு! மணிக்கு 15 கி.மீ.யில் போகிறவர் 30-க்குப் போக நினைத்தால், காற்றைக் கிழிக்க மட்டும் கால் எட்டு மடங்கு உழைக்கணும். லட்ச ரூபாய் சைக்கிளும், குனிஞ்சு ஓட்டும் ஹேண்டில்பாரும் பெரிய அளவில் உதவுவது அந்த வேகத்தில்தான். நம்ம 15-க்கு, டயரில் சரியான காத்தும், எண்ணெய் போட்ட செயினும் முக்கால்வாசி வேலையைப் பார்த்துடும்.

பிஆர்எம் ரூல்ஸும் அதையேதான் சொல்லுது. மனுஷன் தன் பலத்தில் ஓட்டுவதாக இருக்கணும். கியர் வேணும், கார்பன் ஃபிரேம் வேணும் என்ற கண்டிஷன் இல்லை.

நம்பிக்கை வரலையா? 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு இளைஞர்கள் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். அன்றைய கனமான சைக்கிள்தான். அடி ஹக்கீம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூன்று பேர் 1928 மார்ச்சில் ஊர் திரும்பியபோது, மிதித்திருந்த தூரம் சுமார் 71,000 கி.மீ! ஜிபிஎஸ் இல்லை, ஜெல் சீட் இல்லை. அதுக்கப்புறம் 'என் சைக்கிள் பழசு'ன்னு சொல்ல நமக்கு வாய் வருமா?

ஆனா ஒண்ணு, பழைய சைக்கிளில் 200 கி.மீ. சும்மா வந்துவிடாது. கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காத்து அடிச்சா 15 என்பதே மலையா தெரியும். சீட் உயரம் தப்பா இருந்தா 60 கி.மீ.யிலேயே முட்டி அழும். சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைங்க. கால் நேராக நீண்டால் உயரம் சரி. நம்மில் பலர் தரையில் கால் ஊன்ற வசதியாக சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம். முட்டி வலியின் முதல் காரணமே அதுதான்.

நாட்டையே கடந்தவர்கள்

ஒரு நாள் 200 கி.மீ. சரி, ஒரு நாட்டையே கடந்தால்?

2020 நவம்பரில் நாசிக்கைச் சேர்ந்த ஓம் மகாஜன், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 3,600 கி.மீ.யை 8 நாள், 7 மணி, 38 நிமிஷத்தில் முடித்தார். அப்போது அவருக்கு வயசு 17! அடுத்த வருஷமே காஷ்மீரின் ஆதில் தேலி அதை 8 நாள், 1 மணி, 37 நிமிஷமாகக் குறைத்தார். ஒரு நாளைக்கு 440 கி.மீ.க்கு மேல். ராணுவ அதிகாரி பரத் பன்னு 2020-ல் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை 5,942 கி.மீ.யை 15 நாளுக்குள் சுற்றி வந்தார்.

இவர்களுக்கெல்லாம் பின்னாடி வண்டி, சாப்பாடு தர ஆள், மெக்கானிக் என்று ஒரு டீமே கூட வந்தது. அதனால் அந்த வேகத்தைப் பார்த்து நாம் மலைக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது வேறு ஒருவரை.

அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' சுமார் 4,900 கி.மீ. தனி ஆளாகப் போனால் 12 நாளுக்குள் முடிக்கணும். ராணுவ டாக்டர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் 2016-ல் போனார். முடிக்க முடியாமல் பாதியில் நிறுத்தினார். 2017-ல் திரும்பவும் போய் 12 நாள் கெடுவுக்குள் முடித்தார். அதைத் தனியாக முடித்த முதல் இந்தியர் அவர்தான். அதே வருஷம், சில மணி நேரம் கழித்து நாக்பூரின் அமித் சமர்த்தும் முடித்தார்.

பாரீஸ் சவாலுக்கும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள். அதில் பலரால் நேரத்துக்குள் முடிக்க முடிவதில்லை. சைக்கிள்காரர்கள் பாஷையில் இதற்கு 'டிஎன்எஃப்' என்று பெயர். அரியர் மாதிரிதான் பாஸ்! அடுத்த முறை எழுதி கிளியர் பண்ணிக்கலாம். உடம்பு கேட்காதபோது நிறுத்தத் தெரிவது, இந்த விளையாட்டில் பாதி படிப்பு.

ராத்திரி ஒரு வில்லன்

இந்தச் சவாலில் கால் வலியை விட ஆபத்தானது தூக்கம். 300 கி.மீ.க்கு மேல் போனாலே ராத்திரி ரோட்டில் இருப்போம். செஞ்சி ரோடு மாதிரியான நம்ம ஊர் நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கிடையாது. பஸ்ஸும் லாரியும் உரசிக்கிட்டுப் போகும். எதிரே வரும் வண்டி ஹைபீம் அடித்தால் முன்னால் இருக்கும் பள்ளம் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு நொடி கண் சொக்கினால் முடிஞ்சது கதை.

அதனால்தான் முன்னும் பின்னும் லைட், பளபளக்கும் ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் இல்லாமல் ஸ்டார்ட் லைனிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அனுபவஸ்தர்கள் கண் சொக்கினால் பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாப் என்று வெளிச்சமான இடம் பார்த்து இருபது நிமிஷம் தூங்கி எழுந்து போகிறார்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. முதல் முறை போகிறவர்கள் ராத்திரி ரைடே வேண்டாம். 200 கி.மீ.யை விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறரைக்கு முடியும் கணக்கு.

'பொண்ணை யாரு விடுவா?'

இதை எழுதும்போதே கேர்ள்ஸ் ஹாஸ்டல் பக்கம் பெருமூச்சு கேட்குது. நியாயம்தான். 200 கி.மீ. மிதிப்பதை விட, 'தனியா எங்கே போற?' என்ற கேள்வியைக் கடப்பது கஷ்டம்.

ஆனா இந்த மண்ணுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கு. 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், நர்ஸ்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். கிண்டல் வந்தது, அதையும் தாண்டி ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும், கூட்டிப் போக ஆம்பளைக்கும் காத்திருக்கும் வேலை அவர்களுக்கு மிச்சமானது. அவர்களின் பேத்திகள்தான் இப்போ காலேஜில் நம்ம கூடப் படிக்கிறார்கள். நாலு பேராகச் சேர்ந்து, பகலில், வீட்டுக்கு ரூட்டைச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டிலும் காரணம் குறையும்.

மூணு இதழ் பூ!

சரி, செஞ்சியில் எப்படி ஆரம்பிக்கிறது? மேப்பில் செஞ்சியை நடுவில் வைங்க. மேற்கே திருவண்ணாமலை சுமார் 38 கி.மீ. கிழக்கே திண்டிவனம் சுமார் 28. தெற்கே விழுப்புரம் சுமார் 38. மூன்றுக்கும் போய்ப் போய்த் திரும்பினால் 200 கி.மீ.யைத் தாண்டிவிடும். மூணு இதழ் பூ மாதிரி!

இதில் வசதி என்னன்னா, ஒவ்வொரு இதழ் முடிந்ததும் செஞ்சிக்கே திரும்பி வருகிறீர்கள். முடியலையா? அங்கேயே நிறுத்திக்கலாம். பஸ் பிடித்து வீட்டுக்குப் போக அலைய வேண்டியதில்லை.

* முதல் இரண்டு ஞாயிறு, திண்டிவனம் போய்த் திரும்புங்க. 56 கி.மீ. நேரத்தை எழுதி வைங்க.

* அடுத்த இரண்டு ஞாயிறு திருவண்ணாமலை. கீழ்பென்னாத்தூரில் டீ. கிரிவலக் கூட்டம் இருக்கும் பௌர்ணமி நாளை விட்டுடுங்க.

* அப்புறம் இரண்டு இதழைச் சேர்த்து ஓட்டுங்க. 130 கி.மீ.யைத் தாண்டி, மறுநாள் காலேஜுக்கு நடந்து போக முடிந்தால், மூணாவது இதழுக்கு ரெடி.

* பசிக்கும் முன்னாடி சாப்பிடணும். மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலைமிட்டாயோ போதும். வெறும் தண்ணியா குடிச்சுட்டே போகாதீங்க. வேர்வையில் போகும் உப்பையும் திருப்பித் தரணும். உப்பு போட்ட மோரை அடிச்சுக்க ஆள் இல்லை.

* ஒரு டியூப், பஞ்சர் கிட், பம்ப், ஸ்பேனர். பஞ்சர் ஒட்ட முதல்லயே வீட்டில் பழகிடுங்க.

* ஏப்ரல், மே மாசம் வேண்டவே வேண்டாம். செஞ்சிப் பாறைகள் அடுப்பு மாதிரி கொதிக்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சூப்பர் சீசன்.

இந்த மூணு இதழை முடித்தவருக்கு, கிளப் நடத்தும் 200 கி.மீ. பிஆர்எம் பயமாகத் தெரியாது. அதை முடித்தவருக்கு 300. அப்படியே போனால் காஷ்மீர் டு கன்னியாகுமரியும் ஒரு கணக்காகத்தான் தெரியும். எட்டு நாளில் போக டீம் வேணும். தினம் 100 கி.மீ. என்று வைத்தால் 36 நாள்.

வர்ற ஞாயிறு காலை அஞ்சு மணி. திண்டிவனம் ரோடு. டயருக்குக் காத்து அடிச்சாச்சா?