பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் மின்விசையும்

நல்லேப்பிள்ளி முதலிய சிற்றூர்கள் அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள திறப்பாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயிலில் நெருக்குண்டு விரைகின்றது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதனின்று பெறத்தக்க விசை எண்மடங்காகும் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கலாம்.

1995ஆம் ஆண்டில் கேரள மாநில மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் தலா 225 கிலோவாட் திறனுள்ள 9 காற்றாலைகளை நிறுவியது. மொத்தம் 2,025 கிலோவாட். 1976இல் தொடங்கப்பெற்ற இடுக்கி மின்நிலையத்தின் ஒரே மின்னாக்கியின் திறனோ 1,30,000 கிலோவாட்! இத்துணைச் சிறிய முயற்சியால் யாது பயன் என வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே.

கேரளத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. கோடையில் அணைநீர் குறையுங்கால் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. கரியமில வாயுவைப் பெருக்குவது. வீசும் காற்றைத் தேக்கிவைக்க இயலாது. நீரைத் தேக்க இயலும். மழைத் திங்களில் காற்றாலை ஈனும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஈடான நீரை இடுக்கித் தேக்கத்திலேயே நிறுத்திவைத்து, ஏப்ரலில் பயன்படுத்தலாம். அணை நிரம்பி மதகுகள் திறக்கப்படும் ஆண்டில் மட்டும் இக்கணக்குப் பொய்த்துவிடும்.