வெற்றுக் காசோலை வேண்டாம், வரம்புள்ள அதிகாரம் போதும்

மகளின் பள்ளி விழாவுக்குச் செல்லும் அவசரத்தில், வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டுக் கணக்கரிடம் தந்துசெல்லும் தொழில் உரிமையாளர்களை நாங்கள் காண்கிறோம். பொறுப்பைப் பகிர்வது நன்று; ஆனால், இவ்வழி தவறு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 20ஆம் பிரிவின்படி, அத்தகைய காசோலையை நிரப்பும் அதிகாரம் அதைப் பெற்றவருக்கு உண்டென்றே முதல்நோக்கில் கொள்ளப்படும்.

நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில் பாதுகாப்பான வழி உண்டு. ஊழியர் பணப்பரிமாற்றத்தைப் பதிவிடுவார். தாங்கள் ஒப்புதல் அளித்த பின்னரே பணம் செல்லும். சிறு தொகைகளுக்கு, நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு உச்சவரம்புடன் ஒப்புதல் உரிமையும் வழங்கலாம். அவர் பணியிலிருந்து விலகும் நாளிலேயே அவ்வுரிமையை நீக்கிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் தேவை. தங்கள் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எவரிடமும் பகிரலாகாது.

மாலையில் கணக்கறிக்கையை ஒருமுறை சரிபாருங்கள். விழா முடியும்வரை மகளின் அருகில் நிம்மதியாக இருக்கலாம்.