தத்துப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் யாரிடம்?

புது தில்லி: நாடாளுமன்றத்தில் தத்தெடுப்பு குறித்துக் கேள்வி எழும்போதெல்லாம் அரசுத் தரப்பிலிருந்து பதிலாக வருவது எண்ணிக்கைதான். எத்தனை குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டனர், எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதே உறுப்பினர்களின் கவலையாகவும் இருக்கிறது. தத்தெடுப்புச் சட்டங்களை ஆராய்ந்து 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையிலும் அதிகம் பேசப்பட்டது இதுதான். 2021 டிசம்பரில் குழந்தைக்காகப் பதிவு செய்து காத்திருந்தோர் 27,939. சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியானவர்கள் என அறிவிக்கப்பட்டிருந்த குழந்தைகளோ 2,430 பேர். பின்னர் 2024-25-ல் 4,515 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டதை மத்திய அரசு சாதனையாகவே அறிவித்தது.

அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவரும் ஒருநாள் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு. தன்னைப் பெற்றவர்கள் யார், ஏன் விட்டுச் சென்றார்கள் என்ற அந்தக் கேள்வி அவையில் அதிகம் ஒலிப்பதில்லை.

வீட்டிலும் இது எளிதில் பேசப்படுவதில்லை. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுவது தமிழ் வீடுகளில் சாதாரண வேடிக்கை. பெற்ற பிள்ளை சிணுங்கிவிட்டு மறந்துவிடும். தத்து வந்த பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழும். பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னாலும் இதே சங்கடம்தான். சொல்லப்படாத இடத்தைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பிக் கொள்கிறது. 'நான் கெட்ட பிள்ளை, அதனால்தான் விட்டுவிட்டார்கள்' என்ற முடிவுக்கே பெரும்பாலும் அது வந்து சேருகிறது என்று குழந்தைகள் நலத் துறையில் பணியாற்றுவோர் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். நினைவு தெரியும் முன்பே, வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர்களது அறிவுரை.

சட்டம் இந்தக் கேள்வியை ஏற்றுக்கொள்ளவே நெடுங்காலமாயிற்று. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1984-ல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பின் மூலம் நெறிமுறைகளை வகுத்தது. முதிர்ச்சி அடைந்த பிள்ளை தன் பெற்றோரைப் பற்றி அறிய விரும்பினால் சொல்வதில் பெரிய ஆட்சேபம் இருக்க முடியாது என்று அத்தீர்ப்பு கருதியது. ஆனால் சொல்வதா, வேண்டாமா என்பதை வளர்ப்புப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டது.

இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015-ன் கீழ் வந்த தத்தெடுப்பு விதிமுறைகள் (முதலில் 2017-லும், பின்னர் 2022-லும்) இதைப் பிள்ளையின் உரிமையாக ஏற்றன. 18 வயது நிறைந்தவர் தாமாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் இயங்கும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமும் ('காரா') தத்துக் கொடுத்த மையமும் உதவ வேண்டும்.

ஆனால் எதிர்ப்புறம் நிற்பவர் ஒரு தாய். திருமணத்துக்கு முன் பெற்று, எவரும் அறியாமல் ஒப்படைத்துவிட்டு, இன்று வேறொரு குடும்பத்தில் வாழ்பவராகவும் அவர் இருக்கலாம். அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொண்டிருந்தால் அவரது சம்மதம் இன்றி எதுவும் சொல்லக் கூடாது என்கிறது விதி. அவர் மறுத்தாலோ, கண்டுபிடிக்க முடியாமற் போனாலோ, குழந்தை ஒப்படைக்கப்பட்ட காரணத்தையும் சூழ்நிலையையும் மட்டும் பிள்ளையிடம் தெரிவிக்கலாம். இது நியாயமான ஏற்பாடுதான். மூன்றாம் நபர் மூலம் தேடக் கூடாது என்ற நிபந்தனையைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரகசியம் காப்பதே அதன் நோக்கம் என்றாலும், உள்ளூர் மொழி தெரியாமல் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவரை அது திகைக்க வைக்கிறது.

உரிமை இருந்தாலும் கோப்பில் ஏதேனும் இருக்க வேண்டுமே? பெற்றோரே ஒப்படைத்த குழந்தைக்குக் கையெழுத்திட்ட பத்திரம் உண்டு. மனம் மாற அவர்களுக்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு அந்தப் பத்திரமும் கிடையாது. இருக்கும் கோப்பையும் முழுதாக நம்பிவிட முடியாது. சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து 1990-களின் இறுதியில் கடத்தப்பட்ட குழந்தைகள் பொய் ஆவணங்களின்பேரில் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-ல் அம்பலமானதை மறந்துவிட முடியாது. உறவினருக்குள் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-ன்படி நடக்கும் தத்திலோ, இத்தகைய கோப்பே இல்லை. ஊரே அறிந்த உண்மை பிள்ளைக்கு மட்டும் தெரியாதிருக்கும்.

வளர்ந்த பின் தத்துச் செல்லும் குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்கு நினைவு இருக்கிறது: ஒரு ரயில் நிலையம், கூட இருந்த தம்பி, விடுதியில் சோறூட்டிய ஆயா. வளர்ப்புப் பராமரிப்பில் விடப்படும் குழந்தைகளும் இப்படித்தான். 2024-ல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஒரு குடும்பத்தில் இரண்டு ஆண்டுகள் வளர்ந்த குழந்தையை அக்குடும்பமே தத்தெடுக்கலாம். அதற்குள் அக்குழந்தை இரண்டு, மூன்று வீடுகளைப் பார்த்திருக்கக் கூடும். எந்த வீட்டிலிருந்து ஏன் எந்த வீட்டுக்குப் போனோம் என்பதை அதற்குக் கோவையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். இங்கிலாந்தில் தத்துப் போகும் குழந்தைக்கு, பிறந்த இடம், பெற்றவர்கள், பிரிந்த காரணம் ஆகியவற்றை எளிய மொழியில் படங்களுடன் எழுதி வாழ்க்கைக் கதைப் புத்தகமாகவே சமூகப் பணியாளர்கள் கொடுத்தனுப்ப வேண்டும். இங்கு குழந்தை ஆய்வு அறிக்கை என ஒன்று தயாராகிறது. அது தத்தெடுப்போர் பார்ப்பதற்காக எழுதப்படுவது.

தத்துக்கு முன்பும் பின்பும் உளவியல் ஆலோசனையை வலுப்படுத்துமாறு 2025 ஜூலையில் 'காரா' மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பிள்ளை பிற்காலத்தில் தேடி வரக்கூடும் என்பதைக் குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோரிடம் முன்கூட்டியே விளக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். இதைச் செய்ய வேண்டியவர்கள் மாவட்டங்களில் உள்ள பணியாளர்கள். மீட்பு, விசாரணை, விடுதி ஆய்வு எல்லாம் அவர்கள் தலையில்தான்.

தமிழகத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. யார், எவர் என்று கேட்கமாட்டார்கள் என்ற உறுதியை நம்பித்தான் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் சென்றனர். பல உயிர்களைக் காத்தது அந்த உறுதி. முதலில் வந்த அக்குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது. அவர்களில் ஒருவர் விண்ணப்பத்துடன் வந்தால், அந்த நாளில் எவரும் எதையும் கேட்கவில்லை என்பதைத்தான் அதிகாரிகள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.